மலையகத்திலிருந்து ஐயெல்ட்ஸ் எழுதப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஹட்டனில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலை, தலவாக்கலை என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். ஒருவருக்கு வெளிநாட்டில் படிக்க வேண்டும், ஒருவருக்குத் தாதி வேலைக்குப் போக வேண்டும், இன்னொருவருக்குக் கணவரிடம் போய்ச் சேர வேண்டும். காரணம் ஆளுக்கு ஆள் வேறு, ஆனால் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். வகுப்புக்கு வர முடியாதவர்களுக்கும் உதவட்டும் என்று அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐயெல்ட்ஸ் என்பது சரியாக என்ன பரீட்சை?

ஒருவருக்கு எவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்று அளந்து சொல்லும் பரீட்சை. 1989 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் என்ற மூன்று நிறுவனங்களும் சேர்ந்து நடத்துகின்றன. லிசனிங் (கேட்டல்), ரீடிங் (வாசித்தல்), ரைட்டிங் (எழுதுதல்), ஸ்பீக்கிங் (பேசுதல்) என்று நான்கு பகுதி. முதல் மூன்றையும் ஒரே அமர்வில் எழுத வேண்டும், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போகும். ஸ்பீக்கிங் 11 முதல் 14 நிமிடம், பரீட்சகர் ஒருவரோடு பேச வேண்டும்.

இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. 0 முதல் 9 வரை பேண்ட் போடுவார்கள், அரை அரையாக ஏறும். நான்கு பகுதிக்கும் தனித்தனிப் புள்ளி, அப்புறம் நான்கின் சராசரி. சராசரியில் கால் வந்தால் அரைக்கு ஏற்றுவார்கள், முக்கால் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றுவார்கள். லிசனிங் 6.5, ரீடிங் 6, ரைட்டிங் 5.5, ஸ்பீக்கிங் 7 என்று வந்தால் சராசரி 6.25. சான்றிதழில் 6.5 என்று இருக்கும்.

சான்றிதழ் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். அதனால் "எழுதி வைத்துக்கொள்வோம், பிறகு பார்க்கலாம்" என்று அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம்.

தோட்டப் பாடசாலையில் தமிழ் மொழியில் படித்தேன். ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலத்துக்கு எஸ், சாதாரண சித்திதான். என்னால் முடியுமா, மிஸ்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், அதுவும் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, மெதுவாக.

முடியும். ஆனால் இரண்டு மாதத்தில் முடியாது. ஓ.எல். வினாத்தாள் பாடப் புத்தகத்தை ஒட்டி வரும். இங்கே பாடப் புத்தகமே இல்லை. அதனால் நீங்கள் எஸ் எடுத்தது இந்தப் பரீட்சைக்குத் தடையும் இல்லை, ஏ எடுத்த பிள்ளைக்கு அது உத்தரவாதமும் இல்லை. ஏ எடுத்து வந்து முதல் நாள் ஸ்பீக்கிங்கில் ஒரு வாக்கியத்தோடு நின்றுபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எஸ் எடுத்துவிட்டு, கொழும்பில் ஒரு கடையில் மூன்று வருடம் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சாமான் விற்ற பையன் தயங்காமல் பேசியதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பரீட்சையின் அதிகாரபூர்வத் தளங்களில் மாதிரி வினாத்தாள்கள் இலவசமாக இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரம் வைத்து லிசனிங்கும் ரீடிங்கும் செய்து பாருங்கள். இரண்டிலும் 40 கேள்விகள். பொதுவாக லிசனிங்கிலும் அகாடமிக் வகை ரீடிங்கிலும் 23 சரியென்றால் 6 பேண்ட் பக்கம், 30 சரியென்றால் 7 பக்கம். 12, 13 தான் வருகிறதென்றால் இப்போது வினாத்தாளை மூடிவிட்டு, ஆறு மாதம் ஆங்கிலத்தையே படியுங்கள். இலக்கணம், சொல், வாசிப்பு என்று அடியிலிருந்து. பரீட்சைப் பயிற்சி அதற்குப் பிறகுதான்.

அகாடமிக்கா, ஜெனரலா?

பரீட்சையில் அகாடமிக், ஜெனரல் டிரெய்னிங் என்று இரண்டு வகை. பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கப் போகிறவர்களும் தாதி, வைத்தியர் போன்ற தொழில் பதிவுக்குப் போகிறவர்களும் பொதுவாக அகாடமிக். குடியேற்றத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் ஜெனரல் டிரெய்னிங். லிசனிங்கும் ஸ்பீக்கிங்கும் இரண்டிலும் ஒன்றுதான், ரீடிங்கும் ரைட்டிங்கும்தான் மாறும். இங்கிலாந்து விசாவுக்கென்று தனியாகப் பதிய வேண்டிய ஒரு வகையும் உண்டு. வினாத்தாள் அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் பதிவு வேறு. எதைக் கேட்கிறார்கள் என்று நீங்கள் போகப்போகும் நிறுவனத்தின் கடிதத்திலோ தளத்திலோ உங்கள் கண்ணால் வாசித்த பிறகு பணம் கட்டுங்கள். ஏஜென்சிக்காரர் வாயால் சொன்னது போதாது.

எத்தனை பேண்ட் எடுத்தால் போதும்?

போகும் இடத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தில் தாதியாகப் பதிய ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5 கேட்கிறார்கள். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற முறையில் பயிற்சி பெற்ற தொழிலாளர் பிரிவுக்கு ஜெனரலில் ஒவ்வொரு பகுதியிலும் 6 குறைந்தபட்சம், ஆனால் போட்டியில் நிற்க அதைவிட நிறைய வேண்டும். ஆஸ்திரேலியா மாணவர் விசாவுக்கான பொது அளவை 2024 மார்ச்சில் 5.5 இலிருந்து 6 ஆக உயர்த்தியது. இவை அடிக்கடி மாறுகிறவை.

பலர் கவனிக்காத ஒன்று: சராசரி வந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் குறைந்தபட்சம் வைத்திருப்பார்கள். சராசரி 7 இருந்தும் ரைட்டிங்கில் 5.5 வந்ததால் நிராகரிக்கப்பட்டவர்கள் உண்டு. நம் பிள்ளைகளுக்கு எப்போதும் காலை வாருவது ரைட்டிங்தான்.

வகுப்புக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படிக்கலாமா?

லிசனிங்கும் ரீடிங்கும் தாராளமாக வீட்டில் படிக்கலாம். விடைத்தாள் இருக்கிறது, நீங்களே திருத்திக்கொள்ளலாம். ரைட்டிங்குக்கும் ஸ்பீக்கிங்குக்கும் இன்னொருவர் வேண்டும். உங்கள் பிழை உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருந்தால் வாரத்துக்கு ஒரு கட்டுரையைத் திருத்தித் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

"ஏழு பேண்ட் நிச்சயம்" என்று போஸ்டர் ஒட்டும் வகுப்புகளை நம்ப வேண்டாம். நானே படிக்கிற காலத்தில் அப்படி ஒரு வகுப்புக்கு, அம்மா சீட்டுப் பிடித்து எடுத்த காசைக் கொண்டுபோய்க் கட்டினேன். ஒன்பது வாரமும் ஒரே கட்டுரையை, அதில் வரும் நாட்டுப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பரீட்சையில் ரைட்டிங் 5.5 தான் வந்தது.

வீட்டில் படிக்க இடம் இல்லை என்று சொல்லும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) ஒரு காம்பராவுக்குள் ஆறு பேர் இருக்கும்போது அது பொய்க் காரணம் இல்லை. விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூப்பிடும் நேரத்துக்கு) முன்னால் அம்மா அடுப்பு மூட்டும் நேரத்தில் எழுந்து, இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்த பிள்ளை என்னிடம் இருந்தாள். அந்த நேரத்தில் போனும் யாருக்கும் தேவைப்படாது.

லிசனிங் ஓடும் வேகத்துக்குக் காது பிடிக்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். நான்கு பகுதி. முதலாவதில் வீடு வாடகைக்கு எடுப்பது, பதிவு செய்வது போன்ற அன்றாடப் பேச்சு. இரண்டாவதில் ஒருவர் ஓர் இடத்தைப் பற்றி விளக்குவார். மூன்றாவது மாணவர்கள் தங்களுக்குள் பேசுவது, நான்காவது விரிவுரை. போகப் போகக் கடினமாகும்.

டேட்டா கொஞ்சமாக இருக்கும், தோட்டத்தில் சிக்னலும் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போனால்தான் வரும். அதனால் டவுனுக்கு வரும் நாளில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பி.பி.சி.யின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி நல்லது, சின்னது. ஒரே துண்டை இப்படிக் கேளுங்கள்: முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, கேட்டதைக் கொப்பியில் எழுதுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, விட்ட சொல்லின் கீழ் கோடு போடுங்கள். நீங்கள் விட்டவற்றில் பெரும்பாலானவை தெரியாத சொற்களாக இருக்காது. தெரிந்த சொல்தான், வேகத்தில் இன்னொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அதைப் பிடிக்கக் காதைப் பழக்குவதுதான் லிசனிங் பயிற்சி. மழை நாளில் தகரக் கூரையின் கீழ் போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "எனக்குக் கேட்கவில்லை" என்று மனம் உடைய வேண்டாம், இயர்போன் போட்டுக் கேளுங்கள்.

எண்களையும் எழுத்துகளையும் தனியாகப் பழகுங்கள். பதின்மூன்றும் முப்பதும், பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் காதுக்கு ஒன்று போலவே வரும். எங்கே அழுத்துகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது ஏ, ஈ, ஐ மூன்றும் ஜீ, ஜே இரண்டும் நம் பிள்ளைகளுக்கு மாறிப் போகும். இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் தோட்டத்துப் பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்ல மற்றவர் எழுதினால் ஒரே வாரத்தில் சரியாகிவிடும்.

இரண்டு சொல்லுக்கு மேல் எழுத வேண்டாம் என்று கேள்வியில் இருந்தால் மூன்று சொல் எழுதினால் பிழை. எழுத்துக்கூட்டல் பிழைத்தாலும் பிழை. பிரிட்டிஷ் முறை, அமெரிக்க முறை இரண்டும் ஏற்பார்கள். தவறான விடைக்குப் புள்ளி கழிப்பது இல்லை, ஆகவே எதையும் வெறுமையாக விட வேண்டாம்.

ரீடிங்கில் நேரம் போதவில்லை.

60 நிமிடத்தில் 40 கேள்வி, யாருக்கும் தாராளமாகப் போதாது. முழுப் பந்தியையும் தமிழில் மொழிபெயர்த்து வாசிக்கும் பழக்கம்தான் நேரத்தைத் தின்கிறது. முதலில் ஒவ்வொரு பந்தியின் முதல் வரியையும் ஓட்டிப் பாருங்கள், பிறகு கேள்வி, பிறகு பெயர், வருடம், எண் எங்கே இருக்கிறது என்று தேடிப் போங்கள்.

சரி, பிழை, சொல்லப்படவில்லை என்ற மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும் கேள்வியில் தடுமாறாதவர் இல்லை. பந்தி எதிராகச் சொன்னால் பிழை. பந்தி அதைப் பற்றிப் பேசவே இல்லையென்றால் சொல்லப்படவில்லை. உங்கள் பொது அறிவைக் கொண்டு தீர்மானிக்க வேண்டாம். தேயிலை பற்றி ஒரு பந்தி வந்தபோது நம் பிள்ளைகள் நிறையப் பேர் பிழைவிட்டார்கள். பந்தியில் இல்லாததெல்லாம் அவர்களுக்கு வீட்டிலேயே தெரிந்திருந்தது, அதுதான் காரணம்.

ரைட்டிங்கில் படம், வரைபடம் எல்லாம் வருமாமே? அதை எப்படி எழுதுவது?

அகாடமிக்கில் முதல் கேள்வி அதுதான். 150 சொல்லுக்குக் குறையாமல், ஏறக்குறைய 20 நிமிடம். ஜெனரலில் அதற்குப் பதில் கடிதம். இரண்டாவது கேள்வி இரண்டு வகையிலும் கட்டுரை, 250 சொல்லுக்குக் குறையாமல், 40 நிமிடம். கட்டுரைக்கு இரண்டு மடங்கு மதிப்பு.

வரைபடத்தில் ஒரு பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்று காட்டும் வகை ஒன்று உண்டு. வேறு ஊர்ப் பிள்ளைகள் சீமெந்து எப்படிச் செய்கிறார்கள் என்ற படத்தைப் பார்த்து விழிப்பார்கள். நமக்குத்தான் ஒரு தொழிற்சாலை முழுவதும் மனதில் இருக்கிறதே. என் வகுப்பில் இந்தப் பாடத்தை எப்போதும் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்துதான் தொடங்குவேன். பலகையில் ஐந்து கட்டம் போடுவேன். கொழுந்து மடுவத்தில் (நிறுக்கும் கொட்டகையில்) எடை போட்டு லொறியில் வந்ததும் மேல் மாடியில் பரப்பி வாட்டுவது. பிறகு ரோலரில் போட்டு உருட்டுவது. பச்சை செம்பு நிறமாக மாறும் வரை பொங்க (நொதிக்க) வைப்பது. டிரையரில் காய வைப்பது. கடைசியாகச் சலித்துத் தரம் பிரிப்பது. இந்த ஐந்தையும் தமிழில் சொல்லத் தெரியாத பிள்ளை ஒருவரும் இல்லை.

இப்போது அதையே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், யார் செய்கிறார்கள் என்று சொல்லாமல். "கொழுந்தை வாட்டுகிறார்கள்" என்பது "கொழுந்து வாட்டப்படுகிறது" என்று ஆக வேண்டும்: த லீவ்ஸ் ஆர் விதர்ட். த லீவ்ஸ் ஆர் ரோல்ட். படம் முழுவதும் இதே வாக்கிய வடிவம்தான். இடையில் முதலில், அதன்பின், அது நடந்துகொண்டிருக்கும்போது, கடைசியாக என்று கோக்கும் சொற்களை வைக்க வேண்டும். தொடக்கத்தில் இரண்டு வாக்கியம்: படம் எதைக் காட்டுகிறது, மொத்தம் எத்தனை கட்டம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. இந்தப் பொதுப் பார்வையை விட்டால் புள்ளி நிச்சயம் குறையும். கொழுந்தை வைத்துப் பழகிய பிள்ளைக்கு அப்புறம் சீமெந்து வந்தாலும் கண்ணாடி வந்தாலும் பயமில்லை.

இன்னொன்று, தமிழில் "பத்து மரம்", "மூணு அண்ணன்" என்று சொன்னாலே போதும், பன்மை விகுதி தேவையில்லை. ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது. "த", "அ" என்ற முன்சொற்களும் தமிழில் இல்லாததால் நமக்கு மறந்து போகும். எழுதி முடித்ததும் கடைசி மூன்று நிமிடத்தில் இந்த இரண்டை மட்டும் தேடித் திருத்துங்கள்.

நல்ல கட்டுரை பத்து மனப்பாடம் செய்து வைத்தால்?

வேண்டாம். பரீட்சகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மனப்பாடம் செய்த பகுதிக்குப் புள்ளி கிடைக்காது. ரைட்டிங்கில் நான்கு விஷயம் பார்க்கிறார்கள்: கேட்ட கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறதா, கருத்து ஒழுங்காகக் கோக்கப்பட்டிருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம மதிப்பு.

மனப்பாடத்துக்குப் பதிலாகக் கருத்துகளைச் சேர்த்து வையுங்கள், அதுவும் நம் ஊரில் இருந்து. அபிவிருத்தியா இயற்கையா என்ற தலைப்பு திரும்பத் திரும்ப வரும். தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012 இல் முடிந்தது, 150 மெகாவாட். அதற்காகத் தண்ணீரைத் திருப்பியதில் சென்கிளயர் அருவி முன்போல் இல்லை. மின்சாரமும் வேண்டும், அருவியும் வேண்டும் என்று பஸ்ஸில் நீங்கள் கேட்ட வாக்குவாதம்தான் கட்டுரையின் இரண்டு பக்கமும். பிள்ளைகள் நகரத்துக்குப் போவதால் முதியவர்கள் தனித்துப் போவது, தாய் வேலைக்கு வெளிநாடு போவது, சுற்றுலா, பாடசாலையில் தாய்மொழி என்று எதை எடுத்தாலும் நமக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. ஒரு கொப்பியில் தலைப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இரண்டு காரணம், ஓர் உதாரணம், பயன்படும் ஆறேழு ஆங்கிலச் சொல் என்று எழுதி வாருங்கள். முப்பது பக்கம் சேர்ந்தால் எந்தத் தலைப்பு வந்தாலும் கை நடுங்காது.

ஸ்பீக்கிங் என்றாலே வெட்கமாக இருக்கிறது. பரீட்சகர் முன்னால் வாய் வருமா?

வெட்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பிழையாக ஒரு சொல் சொன்னதும் வகுப்பே சிரித்திருக்கும். டவுனில் பெரிய கடையில் ஆங்கிலத்தில் கேட்கப் போய் மேலும் கீழுமாகப் பார்த்திருப்பார்கள். பரீட்சகர் அப்படிச் சிரிக்க மாட்டார். நீங்கள் பேசுவதைக் கேட்பதுதான் அவர் வேலை.

மூன்று பகுதி. முதலில் நான்கைந்து நிமிடம் வீடு, ஊர், படிப்பு, வேலை. இரண்டாவதில் ஓர் அட்டை தருவார்கள், ஒரு நிமிடம் யோசித்துக் குறித்துக்கொள்ளலாம், பிறகு இரண்டு நிமிடம் வரை நீங்கள் தனியாகப் பேச வேண்டும். மூன்றாவதில் அதே தலைப்பில் கொஞ்சம் ஆழமான கேள்விகள். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்ற நான்கையும் பார்ப்பார்கள். நீங்கள் சொல்லும் கருத்து அவருக்குப் பிடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மஸ்கெலியாவிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு, உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்தைப் பற்றிப் பேசு என்று அட்டை கொடுத்தேன். பாரிஸ் என்று தொடங்கினாள். ஐஃபல் கோபுரம் உயரமானது, அழகானது, அவ்வளவுதான், இருபது விநாடியில் தீர்ந்துவிட்டது. போன மாதம் எங்கே போனாய் என்று கேட்டேன். சிவனொளிபாதமலைக்கு அப்பாவோடு போனேன் என்றாள். அதைச் சொல் என்றேன். இரவு புறப்பட்டது, படிகளில் குளிர், பாதி வழியில் அப்பாவுக்கு மூச்சு வாங்கி உட்கார்ந்தது, யாரோ ஒரு சிங்கள அம்மா சுடச்சுடப் பிளேன்டீ கொடுத்தது, விடியும்போது மலையின் நிழல் முக்கோணமாகப் பள்ளத்தாக்கில் விழுந்தது. இலக்கணப் பிழை இருந்தது. ஆனால் இரண்டு நிமிடமும் நிற்காமல் பேசினாள், நான்தான் கை காட்டி நிறுத்தினேன். பார்த்ததைப் பேசும்போது சொல் தானாகத் தேடி வரும்.

வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லையென்றால் போனில் உங்கள் குரலைப் பதிந்து கேளுங்கள். முதல் நாள் உங்கள் குரலைக் கேட்கவே பிடிக்காது. பத்தாம் நாள் உங்கள் பிழை உங்களுக்கே கேட்கத் தொடங்கும்.

வெள்ளைக்காரர் மாதிரிப் பேசினால் புள்ளி கூடுமா?

கூடாது. நம் நாட்டு உச்சரிப்பு வாடைக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள். கேட்பவருக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான்.

விளங்காமல் போகும் இடங்கள் சில உண்டு. "ஸ்கூல்" என்பதை "இஸ்கூல்" என்று தொடங்குவது ஒன்று. தமிழ் எழுத்தில் "ப" ஒன்றே என்பதால் பேனாவுக்கான சொல்லும் பென் என்ற பெயரும் ஒன்றாகிவிடுவது இன்னொன்று. எல்லாவற்றையும்விட முக்கியம் சொல்லின் கடைசி எழுத்து. "என் அம்மா கொழுந்து எடுக்கிறார்" என்பதை நம் பிள்ளைகள் "மை மதர் ப்ளக் டீ லீஃப்" என்பார்கள். "மை மதர் ப்ளக்ஸ் டீ லீவ்ஸ்" என்று வர வேண்டும். ஐந்தே சொல்லில் இரண்டு தடவை அந்தக் கடைசி ஒலி விழுந்துவிடுகிறது. பரீட்சகருக்கு அது உச்சரிப்புப் பிழையாகத் தெரியாது, இலக்கணம் தெரியாத ஆள் என்று தெரியும். இந்த ஒரு வாக்கியத்தைத் தினமும் இருபது தடவை சத்தமாகச் சொல்லச் சொல்வேன்.

பேப்பரிலா, கம்ப்யூட்டரிலா?

தேர்வு செய்யக் கிடைத்தால் உங்கள் கை எதற்குப் பழக்கமோ அது. போனில் தட்டத் தெரிந்தவர்களுக்கு விசைப்பலகை வராது, அது வேறு பழக்கம். கம்ப்யூட்டரில் எழுதுவதென்றால் ஒரு மாதமாவது தினமும் தட்டச்சுப் பழகுங்கள். முடிவு சில நாட்களில் வந்துவிடும், பேப்பரில் 13 நாள். கம்ப்யூட்டரில் சொற்களை அதுவே எண்ணிக் காட்டும், அது பெரிய உதவி.

எங்கே போய் எழுத வேண்டும்? பயணம்?

கொழும்பிலும் கண்டியிலும் நடக்கிறது. திகதிகளைப் பதிவுத் தளத்தில் பார்க்கலாம். ஹட்டன் பக்கத்தவர்களுக்குக் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி போவது சுலபம். நுவரெலியாப் பக்கத்தவர்கள் றம்பொடை, புசல்லாவை வழி. ஆனால் பரீட்சை நாளில் காலை பஸ்ஸை நம்ப வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒரு மண்சரிவு விழுந்தால் பாதை மூடிவிடும். பிந்திப் போனால் உள்ளே விட மாட்டார்கள், காசும் போய்விடும். முதல் நாளே போய் உறவினர் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்குங்கள். ஸ்பீக்கிங் வேறொரு நாளில் போடப்படலாம். பதியும்போதே ஒரே நாளில் இரண்டும் கிடைக்கிறதா என்று பாருங்கள், இரண்டாவது பயணச் செலவு மிஞ்சும்.

கட்டணம் அதிகம். கொழுந்து எடுக்கும் அம்மாவின் ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் வைத்தாலும் போதாது. அதனால்தான் வீட்டில் நேரம் வைத்துச் செய்த மாதிரிப் பரீட்சைகளில் மூன்று தடவை தொடர்ந்து வேண்டிய புள்ளி வரும் வரை என் பிள்ளைகளைப் பதிய விடுவதில்லை.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர். எதைப் போடுவது?

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய தலைவலி. பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அப்பாவின் பெயர் ஓரிடத்தில் ஓர் எழுத்தோடும் இன்னோர் இடத்தில் வேறு எழுத்தோடும் இருக்கும். ஐயெல்ட்ஸ் பதிவில் போடும் பெயரும் எண்ணும் பரீட்சை நாளில் நீங்கள் கொண்டுபோகும் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். வெளிநாடு போகத்தான் எழுதுகிறீர்கள் என்றால் கடவுச்சீட்டை வைத்தே பதிந்துவிடுங்கள். ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் பெயரைத் திருத்துவது, பிறகு கடவுச்சீட்டு, கடைசியில் பரீட்சைப் பதிவு. கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, கண்டியிலும் அலுவலகம் இருக்கிறது. பெயர் திருத்தம் மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் படிக்கத் தொடங்கும் அன்றே அதையும் தொடங்குங்கள்.

காசு கொடுத்தால் பரீட்சை எழுதாமலே சான்றிதழ் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

காசும் போகும், எதிர்காலமும் போகும். சான்றிதழில் உள்ள எண்ணை வைத்துப் பல்கலைக்கழகமும் தூதரகமும் நேரடியாகச் சரிபார்க்கின்றன. பொய் ஆவணம் கொடுத்தவர் என்று ஒரு நாடு பதிந்துவிட்டால் வருடக்கணக்கில் விசா கிடைக்காது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஒரு பகுதியில் மட்டும் புள்ளி குறைந்துவிட்டது. திரும்ப எல்லாம் எழுத வேண்டுமா?

கம்ப்யூட்டரில் எழுதியவர்கள் ஒரு பகுதியை மட்டும் 60 நாட்களுக்குள் திரும்ப எழுதும் வசதி பல நாடுகளில் இருக்கிறது. ஆனால் எல்லா நிறுவனங்களும் அதை ஏற்பதில்லை, முதலில் கேளுங்கள். திருத்தியதில் சந்தேகம் இருந்தால் ஆறு வாரத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். புள்ளி மாறினால் அதற்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். ரைட்டிங்கில் அரைப் புள்ளி குறைந்து, மற்றவை எல்லாம் நன்றாக இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். ஒன்றரைப் புள்ளி குறைவென்றால் அந்தக் காசை அடுத்த பரீட்சைக்கு வையுங்கள்.

ஐயெல்ட்ஸ் தான் எழுத வேண்டுமா?

பி.டி.ஈ., டோஃபல் என்ற வேறு ஆங்கிலப் பரீட்சைகளும் உண்டு. தாதிமாருக்கு ஓ.ஈ.டி. உண்டு, அதில் கேள்விகள் எல்லாம் மருத்துவமனைச் சூழலில் வரும் என்பதால் வார்டில் வேலை செய்தவர்களுக்கு அது பழகிய உலகம். போகும் இடம் எதை ஏற்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

எங்கள் லயத்துக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபிசுக்குத்தான் வரும். சான்றிதழ் கைக்கு வருமா?

புள்ளியை இணையத்திலேயே பார்த்துவிடலாம், அதற்குக் கடிதம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. காகிதச் சான்றிதழ் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஆபிஸ் மேசையில் மூன்று வாரம் கிடந்த கடிதத்தால் பல்கலைக்கழகத் திகதியை விட்ட பிள்ளையை எனக்குத் தெரியும். பதியும்போது டவுனில் கடை வைத்திருக்கும் உறவினர், கோயில், ஆசிரியர் என்று நம்பிக்கையான ஒருவரின் முகவரியை, அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். நேரில் போய் வாங்கிக்கொள்ளும் வழி இருந்தால் அதையே தெரிவு செய்யுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு என் வீட்டு முகவரியைத்தான் கொடுக்கச் சொல்கிறேன். தபால்காரர் வந்ததும் போன் பண்ணிவிடுவேன்.